மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், இராசபாளையத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் தளவாய்புரம். மகளிர் அணியும் ஆடைகளைத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் தொழிலால் அவ்வூர் பெயர் பெற்றது. முற்காலத்தில் அவ்வட்டாரத்துப் பருத்தி மூட்டைகளை மாட்டு வண்டிகள் சுமந்தன. இந்நாளில் துணிக்கட்டுகளை மோட்டார் சைக்கிள்கள் சுமக்கின்றன. வண்டி மாறினும் சக்கரமும் அச்சும் மாறவில்லை. ஆயினும் அவ்விரண்டையும் பூட்டும் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. அதனை அறிந்தவர்க்கு முன்சக்கரத்தைக் கழற்றுதல் எளிய வேலை. அறியாமல் மீண்டும் பூட்டுவோர்க்கு அதுவே உயிருக்கு இடராக முடியும்.

மாட்டு வண்டியில் அச்சு வண்டியோடு பிணைந்து நிற்கும். சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தினுள் அச்சின் முனை நுழைந்திருக்கும். அம்முனையில் செருகிய ஆணியே சக்கரம் நழுவாமல் காப்பது. திருக்குறளின் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உவமையாக எடுத்தாண்ட அச்சாணி இதுவே. அதனைப் பிடுங்கினால் சக்கரம் பக்கவாட்டில் கழன்று வந்துவிடும். மோட்டார் சைக்கிளிலோ சக்கரம் முன்கவையின் இரண்டு கால்களுக்கும் நடுவே நிற்கிறது. பக்கவாட்டில் வெளிவர அதற்கு வழியில்லை. ஆதலின் அச்சையே உருவிவிட்டுச் சக்கரத்தைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும்.

காற்றடைத்த டயருக்கு இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் அது அப்போது பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனது மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதனைப் புதிதாய்ச் செய்தார். அதன்பின் உலகெங்கும் காற்றின் மீதே வண்டிகள் ஓடலாயின. தமிழ்நாட்டில் திருவொற்றியூருக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் குழந்தைகளுக்கான பலூன்களைச் செய்யத் தொடங்கியது அவ்வூரில்தான். டயர் செய்யும் தொழிலில் அது பின்னரே இறங்கியது. என்ஃபீல்டு நிறுவனத்தின் புல்லட் மோட்டார் சைக்கிள் 1950களில் உருப்பெறத் தொடங்கியதும் அதே திருவொற்றியூரில்தான்.

டயர் தேய்ந்துபோனால் வண்டியையே கடைக்குத் தள்ளிச் செல்வது ஒரு வழி. சக்கரத்தை மட்டும் வீட்டில் கழற்றி, பேருந்திலோ மிதிவண்டியிலோ இராசபாளையத்திலுள்ள கடைக்குக் கொண்டு செல்வது மற்றொரு வழி. முன்சக்கரத்திற்குச் சங்கிலித் தொடர்பு இல்லாமையால், பின்சக்கரத்தை நோக்க இவ்வேலை சுருங்கியது.

முதற்கண் வேண்டுவது சமதரை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஒற்றைக்கால் ஸ்டாண்டில் சாய்த்து வைத்து இவ்வேலையைத் தொடங்குதல் ஆகாது. இறுகிய அச்சு நட்டைச் சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே ஸ்பேனரால் அரைச்சுற்று இளக்கிவிடல் நன்று. வண்டி உயர்ந்து நிற்கையில் முழு வலிமையோடு இழுத்தால் அது சாயும். சில வண்டிகளில் நட்டின் குறுக்கே காட்டர் பின் செருகியிருப்பர். முதலில் அதன் வளைந்த முனைகளை நிமிர்த்திக் குறட்டால் இழுத்துவிட வேண்டும்.

பின்பு இஞ்சினுக்கு அடியில் தடித்த மரக்கட்டையை வைத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதவாறு உயர்த்த வேண்டும். கருங்கல்லையோ இரும்பையோ நேரே கொடுத்தால் இஞ்சினின் அலுமினிய உறை விரிசல் காணக்கூடும். புகைக்குழாயின் மீதும் பாரத்தை ஏற்றலாகாது. பின்னிருக்கையில் ஒரு மூட்டையைக் கட்டி வைத்தால் வண்டி முன்புறம் கவிழாது. துணிக்கட்டுக்குக் குறைவில்லாத ஊரில் இது பெரிதன்று.

அடுத்து, பிரேக் கேபிளின் நுனியிலுள்ள நட்டைத் திருகி எடுத்துக் கேபிளை விடுவிக்க வேண்டும். சிறு சுருள்வில்லும் உருளைத்துண்டும் அங்கே இருக்கும். அவற்றைக் கேபிளிலேயே கோத்து நட்டை மீண்டும் மாட்டி வைத்தால் காணாமற் போகா. வேகமானியின் கேபிள் சக்கரத்தில் பொருந்தியிருந்தால் அதனையும் கழற்றுக.

இனி அச்சு. நட்டு முழுதும் கழன்றபின் அச்சின் முனையைச் சுத்தியலால் நேரே அடித்தால் மரை நசுங்கும். பின்னர் நட்டு ஏறாது. இடையில் ஒரு மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டி, மறுபுறமாக உருவ வேண்டும். அப்போது சக்கரத்தின் எடையை ஒரு கை தாங்க வேண்டும். அச்சு வெளிவரும்போது ‘புஷ்’ எனப்படும் சிறு குழல்வளையம் கீழே விழும். அது எந்தப் பக்கத்தில் இருந்தது, எந்த முகம் உள்நோக்கியது என்பதைக் கண்டு, ஒரு செய்தித்தாளின் மீது கழற்றிய வரிசையிலேயே பொருள்களைப் பரப்பி வைத்தல் வேண்டும். எல்லாம் பூட்டி முடித்தபின் தாளின் மீது ஒரு வளையம் எஞ்சிக் கிடக்குமாயின், அனைத்தையும் மறுபடி கழற்றுவதன்றி வேறு வழியில்லை.

சக்கரத்தின் குடத்தினுள் இருக்கும் பிரேக் தட்டைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அதிலுள்ள தூசியை வாயால் ஊதுதல் தீங்கு. அது மூச்சுப்பைக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கலாம். பிரேக் கட்டைகளில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாயின், சக்கரம் கழன்று கிடக்கையில் கைப்பிடியை அழுத்தவே கூடாது. உள்ளிருக்கும் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

கடைக்காரர் புதிய டயரை மாட்டும்போது இரண்டு செய்திகளைப் பார்த்துக்கொள்வது நன்று. டயரின் பக்கத்தில் 2.75-18 என்பது போல் எழுதியிருக்கும்; முன்னது டயரின் அகலத்தையும், பின்னது விளிம்பின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிப்பன. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், அது வண்டி முன்செல்லும்போது சக்கரம் உருளும் திசையை நோக்க வேண்டும்.

கழற்றுவதைவிடப் பூட்டுவதிலேயே கருத்து மிகுதியும் வேண்டும். டிரம் பிரேக் உள்ள வண்டிகளில், கவையின் ஒரு காலில் சிறிய முளை ஒன்று உண்டு. பிரேக் தட்டின் விளிம்பில் அதற்கேற்ற காடி வெட்டப்பட்டிருக்கும். முளை காடியினுள் சென்று அமர்ந்தால்தான் சக்கரம் சரியாகப் பூட்டப்பட்டதாகும். கைப்பிடியை அழுத்தும்போது பிரேக் கட்டைகள் விரிந்து, சுழலும் டிரம்மைப் பற்றுகின்றன. டிரம்மோ அக்கட்டைகளையும், அவற்றைத் தாங்கும் தட்டையும் தன்னோடு சுழற்றிச் செல்ல முயல்கிறது. அதனைத் தடுத்து நிறுத்துவது அந்த முளை ஒன்றே. முளை காடியில் பொருந்தாதிருந்தால் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். கேபிள் அச்சைச் சுற்றி இறுகும். சக்கரம் திடுமெனப் பூட்டிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும் நொடியில் வண்டியின் பாரம் முன்னோக்கி வருவதால், ஓட்டுபவர் தலைக்குப்புற வீசப்படுவார். வீட்டு வாசலில் மெல்ல உருட்டிப் பார்க்கும்போது இக்குறை தென்படாமலே போகலாம். திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் கடந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், எதிரே லாரி வரும்போது அது வெளிப்படுமானால் திருத்திக்கொள்ள நேரமிராது. ஆகவே நட்டை முடுக்குமுன் முளை இருக்கும் இடத்தைக் கண்ணால் கண்டு, பிரேக் தட்டைக் கையால் அசைத்து, அது அசையவில்லை என்பதைத் தெளிய வேண்டும்.

அச்சைத் துடைத்து மெல்லிதாகக் கிரீஸ் தடவி, புஷ்ஷையும் அதன் இடத்தில் வைத்துச் செலுத்த வேண்டும். வேகமானிக்குரிய பற்களும் உரிய பள்ளங்களில் அமர வேண்டும். நட்டைக் கையால் ஏற்றியபின், கட்டையை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்தவாறு கைப்பிடியை நாலைந்து முறை கீழே அழுத்திவிட்டால் கவையின் கால்கள் தாமே நேராக அமையும். அதன் பிறகே நட்டை இறுக முடுக்க வேண்டும். காட்டர் பின் உள்ள வண்டிக்குப் புதிய பின்னே செருகத் தக்கது. வளைத்து நிமிர்த்திய பழையது முறியும். சில காசுக்குக் கிடைக்கும் பொருளில் சிக்கனம் பார்ப்பாரும் உளர்.

இறுதியாகப் பிரேக் கேபிளை மாட்டி, சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழலவும் வேண்டும். கைப்பிடியை அழுத்தியதும் நிற்கவும் வேண்டும். புதிய டயரின் மேற்பரப்பு முதலில் வழுவழுப்பாக இருக்கும். சிறிது தொலைவு ஓடித் தேயும்வரை வளைவுகளில் வண்டியை மிகச் சாய்த்தலும், பிரேக்கை வெடுக்கெனப் பிடித்தலும் கூடா. முதலில் ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்து வந்து, அச்சு நட்டில் ஸ்பேனரை ஒருமுறை வைத்துப் பார்த்த பின்னரே துணிக்கட்டுகளை ஏற்றலாம்.