வானில் சேர்க்கும் மணிகள்

ஓட்டுபவன் இன்றித் தானே இயங்கும் வானவூர்தி நல்வினை புரிந்தோர்க்குக் கிட்டும் என்னும் நம்பிக்கையைப் புறநானூறு பதிவு செய்துள்ளது. கற்பனை ஊர்திக்கு வலவன் வேண்டுவதில்லை. மனித உயிர்களைச் சுமந்து மேகத்தினூடே செல்லும் மெய்யான ஊர்திக்கோ வலவன் வேண்டும். அவன் தேர்ந்தவனாகவும் இருத்தல் வேண்டும். அத்தேர்ச்சியை எதனைக் கொண்டு அளப்பது? இவ்வினாவுக்கு அமெரிக்க நாடு கண்ட விடையையும் அதன் நிறைகுறைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

அமெரிக்காவில் சிறு நகரங்களிலிருந்து பயணிகளைப் பெருநகர விமான நிலையங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பணியை வட்டார விமான நிறுவனங்கள் செய்து வருகின்றன. இவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் பெயரையும் வண்ணத்தையும் பூண்டே பறக்கின்றன. பயணியர் விமானப் பணியை நாடும் இளைஞர் பலர்க்கும் இவையே முதற்படி. அப்படியில் கால்வைக்கக் கேட்கப்படும் தகுதிகளுள் தலையாயது, அவர் வானில் கழித்த மணிகளின் எண்ணிக்கை.

தமக்காக மட்டும் விமானம் ஓட்டுவதற்கான தனியார் உரிமத்துக்கு அங்குக் குறைந்த அளவு 40 மணி போதும். ஊதியம் பெற்று ஓட்டுவதற்கான வணிக உரிமத்துக்குப் பொது விதிப்படி 250 மணி வேண்டும். 2013ஆம் ஆண்டு வரை, இந்த உரிமம் பெற்றவர் பயணியர் விமானத்தில் துணை விமானியாக அமர்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அவ்வாண்டு முதல் துணை விமானிக்கும் 1,500 மணி வேண்டும் என்றாயிற்று. படைத்துறை விமானிகளுக்கு 750, விமானவியலில் இளநிலைப் பட்டம் பெற்றோர்க்கு 1,000 எனச் சில சலுகைகள் உண்டு.

இம்மாற்றத்துக்கு வித்திட்டது ஒரு பெருந்துயரம். 2009 பிப்ரவரி 12ஆம் நாள் இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானம், தரையிறங்கும் முன் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும், தரையில் ஒருவரும் ஆக 50 பேர் மாண்டனர். விமானத்தின் வேகம் குறைந்து வருவதை விமானிகள் கவனிக்கவில்லை. எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தது. அந்நிலையில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவதே முறை. தலைமை விமானியோ தண்டைத் தம்பக்கம் இழுத்தார். மூக்கு உயர்ந்தது, இறக்கைகள் தாங்குவிசையை இழந்தன. இத்தவறான செயலே விபத்தின் காரணம் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு கூறியது.

உறவுகளை இழந்த குடும்பத்தார் அழுது ஓயவில்லை. வாஷிங்டனுக்குப் பன்முறை சென்று சட்டமன்றத்தாரின் கதவுகளைத் தட்டினர். அதன் பயனாக 2010 ஆகஸ்டில் புதிய பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1,500 மணி என்னும் விதி அச்சட்டத்தின் விளைவே.

250 மணியில் உரிமம் பெற்றவர் எஞ்சிய 1,250 மணியை எங்ஙனம் சேர்ப்பது? சிறிய விமானத்தை வாடகைக்கு எடுத்தால் ஒரு மணிக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். எனவே ஊதியத்தோடு மணியும் தரும் பணிகளையே இளம் விமானிகள் நாடுகின்றனர். விளம்பரத் துணியைக் கட்டி இழுத்துக் கடற்கரை மேல் பறப்போர் உளர். எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்போர், நிலஅளவைப் படம் எடுப்போர், வான்குடை வீரர்களை ஏற்றிச் செல்வோர் எனப் பலர் உளர். ஆயினும் மிகப் பலர் தேர்ந்தெடுக்கும் வழி பயிற்றுநர் பணியே. மாணவர் ஓட்டப் பயிற்றுநர் அருகிருந்து திருத்துகிறார். பறந்த மணி இருவர் ஏட்டிலும் ஏறுகிறது. ஒரு நாளில், அதாவது எந்த 24 மணி நேரத்திலும், எட்டு மணிக்கு மேல் வானில் கற்பித்தலாகாது என்பதும் விதி.

மொத்தக் கணக்கு மட்டும் போதாது. 1,500 மணிக்குள் நெடுவழிப் பறப்பு 500, இரவுப் பறப்பு 100, வெளிக்காட்சியின்றிக் கருவிகளை மட்டும் நம்பிப் பறத்தல் 75 எனப் பகுப்புகள் உண்டு. எல்லாம் மணியின் பத்திலொரு பங்கு, அதாவது ஆறு நிமிடம் என்னும் நுண்ணளவில் பறப்பேட்டில் பதியப்படுகின்றன.

இங்கு ஒரு வினா எழுகின்றது. கோல்கன் விமானத்தின் தலைமை விமானி 3,379 மணியும், துணை விமானி 2,244 மணியும் பறந்தவர்கள். இன்றைய விதி அன்றே இருந்திருப்பினும் எண்ணிக்கை காட்டி அவ்விருவரையும் தடுத்திருக்க இயலாது. ஆகவே இவ்விதி பயனற்றது என வாதிடுவோர் உளர். வட்டார நிறுவனங்கள் சில, விமானி பற்றாக்குறைக்கு இவ்விதியே காரணம் எனக் கூறி விலக்குக் கோரின. 2022இல் ரிபப்ளிக் ஏர்வேஸ் நிறுவனம், தன் பயிற்சிப் பள்ளியில் தேறியோரை 750 மணியில் ஏற்க அனுமதி வேண்டியது, அரசு மறுத்துவிட்டது. விமானிகளின் சங்கமோ விதியைத் தளர்த்தலாகாது என உறுதியாக நிற்கின்றது.

இவ்விரு தரப்பின் கூற்றிலும் உண்மை உண்டு. ஒரே பாடத்தை ஆண்டுதோறும் அதே குறிப்பேட்டைப் பார்த்து நடத்துபவர்க்கு வயது ஏறலாம், புலமை ஏறுவதில்லை. அதுபோலத் தெளிந்த வானில் ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சேர்த்த மணி பனிமழை இரவுக்கு உதவும் என்பதற்கு உறுதியில்லை. அதே வேளையில், மாணவரின் பிழை விபத்தாக முதிரும் முன் கண்டு திருத்தும் பயிற்றுநர் நாள்தோறும் தாமும் கற்கிறார். கற்பித்தல் எத்துணைக் கற்பிக்கும் என்பதை ஆசிரியர் அறிவர். சட்டம் இயற்றியோரும் எண்ணிக்கையை மட்டும் நம்பவில்லை. 30 மணி வகுப்பும், 10 மணி பாவனைப் பொறிப் பயிற்சியும் கட்டாயமாக்கப்பட்டன. தாங்குவிசை இழக்கும் நிலையிலிருந்து மீளும் பாடம் அவற்றுள் இடம்பெற்றது. 1,500 என்னும் எண்ணைவிட அந்தப் பாடமே அவ்விபத்துக்கு நேரான மருந்து என்பது என் கருத்து.

இன்னுமொன்று கருதத்தக்கது. பறப்பேட்டை எழுதுபவர் விமானியே. பறவாத மணியைப் பறந்ததாக எழுதும் பேனாவைத் தடுப்பார் அக்கணத்தில் எவருமிலர். கண்டறியப்பட்டால் உரிமம் பறிபோகும் என்பது உண்மையே. ஆனால் கண்டறியப்படுமுன் அவர் பின்னே எத்தனை பயணிகள் அமர்ந்திருப்பர்? இஸ்லாம் பேணச் சொல்லும் அமானிதம் என்னும் கருத்து, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காத்து நிற்றல், இங்குத்தான் முழுப்பொருள் பெறுகின்றது. காலத்தின் பெயரால் ஒரு அத்தியாயத்தையே கொண்டது நம் திருமறை. அதை ஓதும் நமக்கு, காலத்தைப் பொய்யாகக் கணக்கெழுதுவது எத்தகைய குற்றம் என விளக்க வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்கள் எத்துறையில் நுழைந்தாலும் இத்தனை ஆண்டு, இத்தனை மணி என்று ஒரு கணக்குக் கேட்கப்படும். அதனைக் குறைவின்றிக் காட்டுங்கள். அக்கணக்கின் ஒவ்வொரு வரியிலும் நீங்கள் உண்மையாகவே கற்ற ஒன்று இருக்கட்டும். விமானியின் தண்டு அதிரும் அந்தச் சில நொடிகளில் ஏட்டைப் புரட்டிப் பார்க்க எவர்க்கும் நேரமிராது. கை அறிந்ததே துணை வரும்.