ஆள் வெளியே வந்த பிறகு

நாரணாபுரத்துப் பக்கம் பட்டாசுக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பேன்சி ரகத்தைக் கடைக்குள் கொளுத்திக் காட்ட முடியாது. அதனால் ரகத்துக்கு ஒரு சின்ன வீடியோ எடுத்துவைத்து, சுவர் டிவியில் ஓடவிடுகிறார்கள். எங்கள் தெருத் தம்பி ஒருவன் அதற்கு ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறான். முதல் படம் ஜம்மென்று ஓடுகிறது. அது முடிந்ததும் அடுத்தது வர வேண்டுமே, வருவதில்லை. திரை அப்படியே நின்றுவிடுகிறது. லேப்டாப்போடு டீக்கடைக்கு வந்துவிட்டான்.

"ஓட வைக்கிறதுல உனக்குக் குறை இல்லப்பா. நிறுத்துறதுலதான் கோளாறு" என்றேன்.

"அதெப்படி அண்ணாச்சி, பார்க்காமலே சொல்றீங்க?"

இந்த வேலையில் முக்கால்வாசிக் கோளாறு அங்கேதான் இருக்கும். அவன் எடுத்துக்கொண்டது ஜிஸ்ட்ரீமர். 1999-இல் எரிக் வால்தின்சென் தொடங்கிய கட்டற்ற மென்பொருள், 1.0 பதிப்பு வந்தது 2012-இல்தான். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இருந்தது. போஸ் போன்ற லினக்ஸ்களில் வரும் க்னோம் திரையில் படத்தையும் பாட்டையும் அடியிலிருந்து இழுப்பது இதே ஜிஸ்ட்ரீமர்தான். அந்த லேப்டாப்பில் போஸைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

ஜிஸ்ட்ரீமரில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எலிமென்ட். ஒன்று கோப்பைப் படிக்கும். அடுத்தது படத்தையும் ஒலியையும் பிரிக்கும். அதற்கடுத்தது சுருக்கத்தை அவிழ்க்கும். கடைசியில் இருக்கும் சிங்க் திரையில் காட்டும். எல்லாம் சேர்ந்த தொடர்தான் பைப்லைன். ஒவ்வொரு எலிமென்டுக்கும் நான்கு நிலை உண்டு. நல் என்றால் கையில் ஒன்றும் இல்லை. ரெடி என்றால் சாதனத்தைத் திறந்து, வேண்டிய நினைவகத்தை எடுத்தாயிற்று. பாஸ்டில் தரவு ஓடத் தொடங்கி, முதல் பிரேம் சிங்க் வரை வந்து காத்து நிற்கும். பிளேயிங்கில் கடிகாரம் ஓடும், படம் நகரும். நல்லிலிருந்து பிளேயிங்குக்கு ஒரே தாவலாகப் போக முடியாது. நீ நேராகப் பிளேயிங் கேட்டாலும் அதுவே படிப்படியாகத்தான் ஏறும், இறங்கும்போதும் அப்படித்தான்.

ஒவ்வொரு படியிலும் ஜிஸ்ட்ரீமர் எலிமென்டைக் கூப்பிட்டு, "இந்த நிலையிலிருந்து அந்த நிலைக்குப் போகிறோம், உன் வேலையைச் செய்துகொள்" என்கிறது. எலிமென்டை எழுதுகிறவர் அதற்கென்று ஒரு பங்க்ஷனை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவைத்திருப்பார். அதுதான் கால்பேக். எழுதுவது நாம், எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்வது ஜிஸ்ட்ரீமர். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அந்தப் பங்க்ஷனின் நடுவில் ஒரு வரி வரும்: தாய் வகுப்பின் அதே பங்க்ஷனைக் கூப்பிடும் வரி. ஏறும்போது செய்ய வேண்டியதை அந்த வரிக்கு மேலே எழுத வேண்டும், இறங்கும்போது செய்ய வேண்டியதைக் கீழே. ஏன் இந்தப் பிரிவினை என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி.

"உங்க அப்பா பட்டாசு ஆலையில போர்மேனா இருக்காருல்ல? காலையில மருந்து அறையைத் திறந்ததும் என்ன செய்வாரு?"

ரப்பர் விரிப்பு, எர்த், சாமான் எல்லாம் சரியா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் ஆட்களை உள்ளே விடுவார். சாயங்காலம் தலைகீழ். முதலில் ஆட்கள் வெளியே வர வேண்டும். கடைசி ஆளும் வந்த பிறகுதான் மிச்ச மருந்தை அப்புறப்படுத்தி அறையைக் கழுவலாம். உள்ளே கை ஓடிக்கொண்டிருக்கும்போது மருந்தை இழுக்க எந்தப் போர்மேனும் துணிய மாட்டார்.

இங்கே ஆட்கள் என்பது தரவைச் சுமந்து ஓடும் த்ரெட்கள். ரெடியிலிருந்து பாஸ்டுக்கு ஏறும்போது தாய் பங்க்ஷன்தான் எலிமென்டின் வாசல்களான பேடுகளைத் திறந்து தரவை உள்ளே விடுகிறது. அதற்கு முன்பே தரவைப் பிடித்துவைக்கும் பஃபர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இறங்கும்போது பேடுகளை மூடித் தரவு ஓட்டத்தை நிறுத்துவதும் அதே தாய் பங்க்ஷன்தான். அதைக் கூப்பிடுமுன் நீ பஃபரை விடுவித்துவிட்டால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் இல்லாத பஃபரில் கை வைக்கும், புரோகிராம் விழும். அதுவும் தினமும் விழாது. பத்து நாள் நன்றாக ஓடிவிட்டுத் தீபாவளிக்கு முந்தின நாள் விழும்.

தம்பி சொந்தமாக எலிமென்ட் எழுதவில்லை. அவனுடைய கோளாறு இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. படம் முடிந்தது என்ற செய்தி வரும்போது ஓடட்டும் என்று சிங்கின் பேடில் ஒரு புரோப், அதாவது பேடைக் கடப்பதைக் கண்டதும் ஓடும் கால்பேக், வைத்திருந்தான். அந்தக் கால்பேக்குக்குள்ளேயே பைப்லைனை நல்லுக்கு இறக்கும் வரி. அந்தப் புரோப்பை ஓட்டுவது யார்? தரவைச் சுமந்து வரும் த்ரெட். நல்லுக்கு இறங்க வேண்டுமானால் த்ரெட்கள் எல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் த்ரெட் தன்னுடைய முடிவுக்குத் தானே காத்திருந்தால் விடிந்த மாதிரிதான். ஜிஸ்ட்ரீமர் இதைக் கண்டுபிடித்துவிடும். தரவு ஓடும் த்ரெடிலிருந்து நிலையை மாற்றக் கூடாது, செய்திகளை வெளியே கொண்டுபோகும் பஸ்ஸில் ஒரு செய்தி போட்டு மெயின் த்ரெடைச் செய்யவிடு என்று டெர்மினலில் தெளிவாக எச்சரிக்கையும் எழுதும். டெர்மினலைத் திறந்தோம், எழுதியிருந்தது. ஆனால் பைப்லைன் அதற்குள் நின்றும் நிற்காமலும் பாதியில் மாட்டிக்கொண்டது.

புரோப்பை எடுத்துவிடச் சொன்னேன். எல்லாச் சிங்கும் படத்தை முடித்ததும் பைப்லைனே பஸ்ஸில் முடிவுச் செய்தி போடும். அதை மெயின் லூப்பில் வாங்கி, அங்கிருந்து நிலையை மாற்றினால் போதும். பத்து வரி போய் நான்கு வரி வந்தது.

"ஒவ்வொரு படத்துக்கும் நல் வரைக்கும் போகணுமா அண்ணாச்சி?"

தேவையில்லை. தொடரைத் தானே கோர்த்துக்கொள்ளும் பிளேபின் எலிமென்டைத்தான் அவன் வைத்திருக்கிறான். ரெடிக்கு இறக்கி, அடுத்த படத்தின் முகவரியைக் கொடுத்து, மறுபடி பிளேயிங் கேட்டால் போதும். நல் என்பது கடையைச் சாத்தும்போது. இடைவெளியே தெரியாமல் அடுத்தது வர வேண்டுமென்றால், படம் முடியப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் சிக்னல் ஒன்றும் பிளேபினில் இருக்கிறது. அதுவும் தரவு த்ரெடிலிருந்துதான் வரும். அங்கே அடுத்த முகவரியை மட்டும் கொடுக்கலாம், நிலையைத் தொடக் கூடாது.

"முகவரி மட்டும்" என்று சொல்லிக்கொண்டே தட்டத் தொடங்கினான். இரண்டாவது டீ சொன்னேன்.