காப்பீடு தீர்க்காத கடன்

கூலித் தொழிலாளியான தந்தை பக்கவாதத்தால் திடீரென வீழ்ந்தால், குடும்பம் அன்றே இரு கூலிகளை இழக்கிறது: அவருடையது, மருத்துவமனையில் உடனிருப்பவருடையது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியை ஈடுசெய்வதில்லை.

நிலமுள்ளோர் அதனை ஈடுவைத்துக் கடன் பெறலாம். ஆனால் இந்திய மக்கள்தொகையில் 16.6 விழுக்காடான (2011) பட்டியல் சாதியினரிடம் இருக்கும் சாகுபடி நிலம், 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 9 விழுக்காட்டுக்கும் குறைவு. ஈடில்லாதவர் செங்கற்சூளையில் முன்பணம் பெறுகிறார், உழைப்பே ஈடாகிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த கொத்தடிமை முறை இவ்வழியே மீள்கிறது.

அமைப்புசார் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. நோய்க்காலத்தில் 70 விழுக்காடு ஊதியம் வழங்குகிறது. கூலித் தொழிலாளருக்கும் அது உரிமையாக வேண்டும்.