மடவை மீனும் கொள்ளிடத்து நீரும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயருடனேயே பாசனத்துக்குச் செல்லுகிறது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஓடும் கொள்ளிடமோ வெள்ள நீரைச் சுமந்து பழையாற்றின் அருகே சமுத்திரத்தில் சேருகிறது. கொள்ளிடத்தில் மிகுதியாகப் பாய்ந்த நீரைக் காவிரிக்குத் திருப்பும் பொருட்டே 1836-ம் வருஷத்தில் ஆர்தர் காட்டன் இங்கு மேலணையைக் கட்டினார். ஆகையால், கொள்ளிடத்தில் போகும் நீரெல்லாம் வீண் என்று குடியானவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும் அந்நீரால் விளையும் பொருள்களும் உண்டு. அவற்றுள் முக்கியமானது மடவை மீன்.

முதிர்ந்த மடவைகள் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கழிகளை விட்டுச் சமுத்திரத்துக்குச் சென்று முட்டையிடுகின்றன. ஒரு பெட்டை மீன் பல லக்ஷம் முட்டைகள் இடும். ஏறக்குறைய ஓர் அங்குலம் வளர்ந்த குஞ்சுகள் கூட்டங் கூட்டமாக முகத்துவாரத்தின் வழியே உட்புகுகின்றன. உப்பு நீரும் நன்னீரும் கலந்த ஆழமற்ற கழிகளே அவற்றுக்கு நாற்றங்கால். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுரபுன்னை செறிந்த பிச்சாவரம் அத்தகைய இடமாகும். வளர்ந்த மடவை பிற மீன்களை வேட்டையாடுவதில்லை. சேற்றின்மேல் படியும் பாசியையும் மக்கிய இலைத்தூளையும் மணலோடு உட்கொண்டு, கோழிக்குள்ளது போன்ற தடித்த இரைப்பையில் அரைத்து ஜீரணிக்கிறது.

ஆற்று நீர் குறைந்தால் நேரும் கெடுதிகள் மூன்று. முதலாவது, அலை ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தைத் தூர்த்துக் குஞ்சுகளின் வழியை மறிக்கும். இரண்டாவது, கழியில் உப்பு மிகுந்து மரங்கள் பட்டுப்போகும். மடவை அவ்வுப்பைப் பொறுத்தாலும், அதற்கு இரையளிக்கும் காடு பொறுக்காது. மூன்றாவது, உவர்நீர் ஆற்றினுள் ஏறிக் கரையோரத்து வயல்களையும் கிணறுகளையும் கெடுக்கும்.

பிச்சாவரத்தில் கால்வாய்கள் வெட்டி அலைநீர் புகச் செய்தபின், பட்டுப்போன பகுதிகள் மீண்டும் தழைத்தமை கவனிக்கத்தக்கது. கழியோரத்தார் சிறுகண் வலைகளால் குஞ்சுகளை வாரி அழித்தலைத் தவிர்க்க வேண்டும். உவர்நீர்க் குளமுள்ளவர்கள், சென்னையில் 1987-ல் ஏற்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தாரிடம் மடவை வளர்ப்பைப் பற்றி ஆலோசனை பெறலாம். மேல்பகுதியில் உள்ளோர் கழிவுகளைக் கொள்ளிடத்தில் விடாதிருத்தல் அவசியம்.

வாய்க்காலின் கடைமடைக்கும் நீர் சேரவேண்டும் என்பது உழவர் நன்கறிந்த நியாயம். கொள்ளிடத்தின் கடைமடை அதன் முகத்துவாரமே.