வீட்டுக்குள் ஒரு சர்வர் – 9: ஒட்டுக்கேட்டவர்

இந்த வாரம் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். ஆனால் அதற்காகப் படிக்க உட்கார்ந்த இடத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர் குறுக்கே வந்துவிட்டார். பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்குகிறது. அவரை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத மனம் வரவில்லை.

போன வாரக் கதை தெரியும்தானே? 2005இல் ஆலிவியே கோஷார்-லாபே தொடங்கிய, கணினியைக் கோப்புப் பெட்டியாக (நாஸ்) மாற்றும் ஃப்ரீநாஸ் என்ற மென்பொருள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ட்ரூநாஸ் ஆனது, ஃபோல்கர் தைலே தனியே போய் ஓப்பன்மீடியாவால்ட் கட்டினார். அவ்வளவுதான். மிச்சம் பழைய இதழில்.

ட்ரூநாஸா, ஓப்பன்மீடியாவால்ட்டா என்று நாம் மாய்ந்து மாய்ந்து விவாதிக்கிறோம். எதைப் போட்டாலும், ‘ஷேர்’ பக்கத்துக்குப் போய் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் அது விண்டோஸ் கணினியில் இன்னொரு டிரைவ் போல வந்து நிற்கிறது. இரண்டிலுமே அந்த வேலையைச் செய்வது சாம்பா என்ற ஒரே மென்பொருள். கடையில் காசு கொடுத்து வாங்கும் சினாலஜி, க்யூநாப் பெட்டிகளுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. மேலே உள்ள இணையப் பக்கமும் பொத்தான்களும்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

அந்த சாம்பாவை முதலில் எழுதியவர்தான் ட்ரிட்ஜெல். 1991 டிசம்பர். ட்ரிட்ஜெல் அப்போது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர். மேசையில் டாஸ் ஓடும் பீசி. கோப்புகள் இருப்பதோ சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினியில். டிஜிட்டல் நிறுவனத்தின் புதிய மென்பொருள் ஒன்றை அவர் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அது, அதே நிறுவனத்தின் ‘பாத்வொர்க்ஸ்’ இருந்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தது. பாத்வொர்க்ஸைப் போட்டால் சன் கணினிக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். சரி, சன் கணினியையே பாத்வொர்க்ஸ் சர்வர் மாதிரி நடிக்கவைத்தால் என்ன என்று யோசித்தார். அந்த சர்வர் என்ன மொழி பேசுகிறது என்று சொல்லும் ஆவணம் எதுவும் அவர் கையில் இல்லை.

ஆகவே ஒட்டுக்கேட்டார். கம்பியில் ஓடும் தகவல் பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் ஒரு நிரலை எழுதினார். பீசி ஒன்றைக் கேட்கும், சர்வர் ஒன்றைச் சொல்லும். இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று பைட் பைட்டாகப் பார்த்துப் புரிந்துகொண்டார். இந்த முறையை அவர் பிற்பாடு ஒரு பிரெஞ்சு காபிக்கடையை வைத்து விளக்குவார்: மொழி தெரியாமல் போய் உட்காருகிறீர்கள், பக்கத்து மேசைக்காரர் எதையோ சொல்கிறார், சர்வர் ரொட்டி கொண்டுவருகிறார், அதைக் கவனித்து ஒரு சொல்லைக் கற்றுக்கொள்கிறீர்கள். (காபிக்கடை சர்வரும் சர்வர்தான். நம் ஊரில் இதை விளக்கவே வேண்டியதில்லை.) 1992 ஜனவரி முதல் பாதிக்குள் 0.1, 0.5, 1.0 என்று மூன்று பதிப்புகளை இலவசமாக வெளியிட்டுவிட்டு, படிப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். தான் அவிழ்த்தது டிஜிட்டல் நிறுவனத்தின் சொந்த மொழி என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதுவோ ஐபிஎம்மின் பேரி ஃபைகன்பாம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்த எஸ்எம்பி என்ற நெறிமுறை. 1993 கடைசியில், மனைவியின் விண்டோஸ் பீசியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்க வழி தேடியபோதுதான், பழைய நிரல் அப்படியே விண்டோஸோடும் பேசும் என்பது அவருக்குத் தெரிந்தது. உலகத்தில் பாதி அலுவலகங்களுக்குத் தேவைப்படப்போகிற ஒன்றை எழுதி அலமாரியில் போட்டு வைத்திருக்கிறார் மனிதர்!

அதற்கு எஸ்எம்பிசர்வர் என்று பெயர் வைத்தார். 1994இல் ஒரு நிறுவனம் அந்தப் பெயர் தங்கள் வணிகக்குறி என்றது. ட்ரிட்ஜெல் வாதாடவில்லை. யூனிக்ஸ் கணினியில் இருக்கும் அகராதிக் கோப்பில் எஸ், எம், பி மூன்றும் இதே வரிசையில் வரும் சொற்களைத் தேடச் சொன்னார். சால்மன்பெர்ரி, சாம்பா, சாடிம்பர், ஸ்கிராம்பிள் என்று வந்தன. நல்ல வேளை, சால்மன்பெர்ரியை எடுக்கவில்லை.

ஒட்டுக்கேட்டே எத்தனை காலம் ஓட்டுவது? மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு விண்டோஸ் பதிப்பிலும் எதையாவது மாற்றும், சாம்பாக்காரர்கள் மறுபடி பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டு உட்காருவார்கள். ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டதே, அந்த வழக்கில் இந்த நெறிமுறை விவரங்களை வெளியே தர வேண்டும் என்பதும் ஓர் உத்தரவு. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. டிசம்பரில் 10,000 யூரோ ஒரே தவணையாகக் கட்டியதும் ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வந்தன. 2011இல் மைக்ரோசாஃப்ட்காரர்களே சாம்பாவுக்கு நிரல் எழுதி அனுப்பும் நிலை வந்தது.

இதே ட்ரிட்ஜெல்தான் நாம் பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க்கையும் எழுதியவர்களில் ஒருவர். 2005இல் லினக்ஸ் கெர்னல் குழு தன் நிரலின் பதிப்புகளை நிர்வகிக்கப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் சர்வரோடு டெல்நெட்டில் தொடர்புகொண்டு, ‘ஹெல்ப்’ என்று தட்டினார். அதுவும் தன் கட்டளைப் பட்டியலைக் கொடுத்தது. பிட்கீப்பர் முதலாளிக்கு ட்ரிட்ஜெலின் ஆராய்ச்சி பிடிக்கவில்லை, இலவசப் பதிப்பை நிறுத்தினார். வேறு வழியின்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாக எழுதியதுதான் கிட். இதற்கும் நாஸுக்கும் சம்பந்தம் குறைவுதான். ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

சரி, நம் பெட்டிக்கு வருவோம். சாம்பாவுக்குச் சின்னச் சின்ன இணைப்புகள் உண்டு. மேக் கணினியின் டைம் மெஷின் உங்கள் நாஸில் பேக்கப் எடுக்கிறதென்றால் அதற்குக் காரணம் ‘ஃப்ரூட்’ என்ற இணைப்பு. ஆப்பிளுக்கு வைத்த பெயர், வேறென்ன. இன்னொன்று ஷேடோ காப்பி. ட்ரூநாஸ் பகிர்ந்த ஃபோல்டரை விண்டோஸில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ என்ற தாவலைத் திறந்து பாருங்கள். ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லி வைத்திருந்தால், நேற்று மாலை, முந்தாநாள் மாலை என்று வரிசையாக நிற்கும். தவறி அழித்த எக்செல் கோப்பை அங்கிருந்தே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், சர்வர் பக்கம் போகவே வேண்டாம். அந்தப் பழைய பிரதிகளை எடுத்து வைப்பது சாம்பா அல்ல, அடியில் இருக்கும் இசட்எஃப்எஸ். வெறும் எக்ஸ்ட்4 வட்டாக இருந்தால் அந்தத் தாவல் காலியாகவே கிடக்கும். அது எப்படி என்பதற்குத்தான் ஒரு முழுப் பக்கம் வேண்டும்.

அடுத்த வாரத்துக்குள் ஒரு வேலை மட்டும் செய்துவையுங்கள். எஸ்எம்பியின் முதல் பதிப்பு உங்கள் பெட்டியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கணினிப் புழு உலகத்தை உலுக்கியது விண்டோஸின் எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். அதே மாதத்தில் சாம்பாவிலும் வேறொரு ஓட்டை வெளிவந்தது, 2010இல் வந்த 3.5 பதிப்பிலிருந்தே இருந்த ஓட்டை. சாம்பா 2019இல் வந்த 4.11 முதல், எஸ்எம்பி1ஐ நாமாகத் திறந்தால் ஒழிய திறப்பதில்லை. பழைய ஸ்கேனர் கோப்பு அனுப்ப மறுக்கிறது, பழைய டிவி படத்தைக் காட்ட மறுக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாம்தான் திறந்துவிடுகிறோம். ட்ரூநாஸில் எஸ்எம்பி சேவையின் அமைப்புப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு டிக் பெட்டி இருக்கிறது. ஓப்பன்மீடியாவால்ட்டில் குறைந்தபட்ச நெறிமுறைப் பதிப்பு என்ற இடத்தில் பாருங்கள். திறந்திருந்தால் இன்றே மூடுங்கள். ஸ்கேனர் முரண்டு பிடித்தால் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளட்டும்.