எல்லை தாண்டும் பில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஏற்றிய லாரி வடக்கே திரும்பினால், ஆரம்பாக்கம் தாண்டியதும் ஆந்திரம். அதோடு வரியின் பெயரும் மாறிவிடும். சரக்கு சென்னைக்குப் போனால் மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம். எல்லைக்கு அப்பால் தடாவுக்குப் போனால் 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி.

ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் விதி. அந்த பில்லை அரசின் பதிவுத் தளம் சரிபார்த்து, 64 எழுத்து அடையாள எண்ணும் க்யூஆர் கோடும் தரும்.

பார்வைக்கு ஒரு தாள்தான். உள்ளே அடுக்குகள். பில்லுக்குள் விற்பவர், வாங்குபவர், சரக்குப் பட்டியல். பட்டியலுக்குள் பல ஐட்டங்கள். ஒவ்வொரு ஐட்டத்திலும் எச்எஸ்என் எண் (சரக்கின் வகையைச் சொல்லும் குறியீடு), அளவு, விலை, வரிவீதம்.

இந்த பில்லை உலாவியில் ஒரு படிவத்தில் அடிக்கும்போது, ஜிஎஸ்டி எண் போன்றவற்றைச் சோதிப்பது சுலபம். 15 எழுத்து, முதலில் மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37), அடுத்த பத்தும் பான் எண், கடைசி எழுத்து மற்ற பதினான்கிலிருந்து கணக்கிட்டு வருவது. ஓர் எழுத்து பிசகினாலும் அந்தக் கட்டமே காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் அடுக்குகளுக்கு இடையில்தான். திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற ஓர் ஆலை சர்க்கரை விற்றால் 5 சதவீதம், பழைய இரும்பு விற்றால் 18. ஆக வரிவீதம் ஐட்டத்தின் சொத்து. ஆனால் அந்த வரி இரண்டாகப் பிரியுமா, ஐஜிஎஸ்டியாகப் போகுமா என்பதைச் சொல்வது பில்லின் தலைப்பகுதி. நாற்பது ஐட்டம் அடித்து முடித்தபின் சரக்கு போகும் ஊரைச் சென்னையிலிருந்து தடாவுக்கு மாற்றினால் நாற்பதும் மாற வேண்டும். ஒவ்வொரு வரிசையும் தனக்கென்று ஒரு நகல் வைத்திருந்தால் சில பழைய வரியிலேயே நின்றுவிடும். அதனால் நல்ல படிவங்களில் தரவு முழுவதும் ஒரே இடத்தில், தாய்ப் படிவத்தில் இருக்கும். வரிசைகள் தம் பங்கைக் காட்டும், மாற்றத்தை மேலே சொல்லும், அவ்வளவுதான்.

பிழைச் செய்தியிலும் ஒரு பொறி உண்டு. ‘7-வது ஐட்டத்தில் எச்எஸ்என் தவறு’ என்று வந்திருக்கும்போது 3-வதை நீக்கினால், சிவப்புக் கோடு ஒரு பாவமும் அறியாத வேறொரு ஐட்டத்தின்மேல் விழும். வரிசை எண்ணை நம்பாமல் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மாறாத அடையாளம் கொடுப்பது இதற்காகத்தான்.

உலாவியில் செய்த சோதனையை யாரும் முடக்கிவிடலாம் என்பதால், அரசின் பதிவுத் தளம் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கிறது. ஆனால் 10 டன் கம்பியை 11 டன் என்று அடித்து, கூட்டலும் வரியும் ஒத்துப்போனால் தளமும் ஏற்றுக்கொள்ளும். அந்தத் தவறு தெரிவது எடைமேடையில்.