கேட்டல் பயிற்சிக்கு ஒரு வயலின் இசை

ஒரகடம் தொழிற்பேட்டையை ஒட்டிய அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பெற்றோர் பலர் ஷிப்ட் முறையில் தொழிற்சாலை வேலைக்குச் செல்பவர்கள். வீட்டில் இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். கேட்டல் பயிற்சிக்குக் கதையை ஒலிக்கவிட்டால் இவர்கள் பேசாமல் இருப்பார்கள். கவனம் இல்லையா, மொழி புரியவில்லையா? இதை அறிய, சொற்களே இல்லாத ஓர் இசைப்பதிவைப் பயன்படுத்துகிறேன்.

ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி 1878இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோ அது. ஒரு தனி வயலினும் பெரிய இசைக்குழுவும் உரையாடுவதுபோல் வாசிப்பதே கான்செர்ட்டோ. டேவிட் ஓய்ஸ்ட்ராக் வாசித்து, யூஜின் ஓர்மாண்டி பிலடெல்பியா இசைக்குழுவை நடத்திய பதிவு என்னிடம் உள்ளது.

மூன்று பகுதிகளில் இரண்டாவது வகுப்புக்கு ஏற்றது, ஆறேழு நிமிடம்தான். முதலில் காற்றுக் கருவிகள் ஒலிக்கும். பிறகு, மியூட் பொருத்திய வயலின் அடங்கிய குரலில் பாடும். முடிவில் இடைவெளியே இல்லாமல் குழு முழுவதும் திடீரென முழங்க, மூன்றாம் பகுதி தொடங்கும். அது நாட்டுப்புற ஆட்டத்தின் துள்ளல். சற்று நேரத்தில் வயலினுக்கு அடியில், நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல, ஒரே சுரம் நீண்டு ஒலிப்பதையும் கேட்கலாம்.

பயிற்சி முறை:

1. முதல் முறை கேள்வி எதுவுமின்றிக் கேட்கச் செய்யுங்கள்.
2. இரண்டாம் முறை, தனி வயலின் வரும்போது கை உயர்த்தி, நிற்கும்போது இறக்கச் சொல்லுங்கள்.
3. இசை எங்கே மாறியது, மனதில் என்ன தோன்றியது என்று கேளுங்கள். விடை எம்மொழியிலும் இருக்கலாம், படமாகவும் வரையலாம்.
4. அவ்விடைக்கு உரிய தமிழ்ச் சொல்லை உடன் பயிலும் மாணவர் சொல்ல, கரும்பலகையில் எழுதுங்கள்.

என் வகுப்பில் ஒடியா பேசும் மாணவி ஒருத்தி வயலின் நுழையும் ஒவ்வோர் இடத்திலும் சரியாகக் கை உயர்த்தினாள். அவளுக்குக் கவனம் இருக்கிறது. வேண்டியது சொல்வளம் மட்டுமே என்பது தெளிவானது. அவளுக்குச் சொல்லட்டைப் பயிற்சி தொடங்கினேன்.

வயலின் நமக்கு அந்நியமன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று, கருநாடக இசைக்கு அதைக் கொண்டுவந்தவர். ரஷ்யக் கலைஞர் நின்றபடி தாடையின் கீழ் வைத்து வாசிப்பதையும், நம் கலைஞர் தரையில் அமர்ந்து காலில் ஊன்றி வாசிப்பதையும் படங்களில் ஒப்பிடச் சொல்லலாம்.

ஒரு குழந்தையின் பெயரை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்க்கும் முன் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.